தளபதிக் கலவை

அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தின் கிழக்குக் கோடியில் இருக்கும் ஹாரோ கிரீக் துப்பாக்கிச் சங்கத்தில் உறுப்பினர்கள் இருபத்தேழு பேர். தளபதி ஒருவர். தளபதி வென்டெல் ஹாஃப் எந்தப் படையையும் நடத்தியவர் அல்ல. இருபது வயதில் ராணுவக் கிடங்கொன்றில் இரண்டு வருடம் போர்வை எண்ணினார். ஊர் திரும்பி இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வைத்தார். சங்கத் தலைவரான மறுவாரமே தங்க நூலில் 'தளபதி' என்று தைத்த தொப்பியைத் தபாலில் வரவழைத்துத் தலையில் வைத்துக்கொண்டார். தொப்பி சொன்னதையே ஊரும் சொல்ல ஆரம்பித்தது. அப்படிச் சொல்வதால் யாருடைய விரலுக்கும் ஆபத்து வந்ததில்லை, அந்த ஜூன் மாதம் வரை.

ஜூன் மாதத்தில்தான் ரெட் வில்லோ சங்கத்தோடு வருடாந்திரப் போட்டி. இருநூறு மீட்டர் தூரத்தில் இரும்புத் தகட்டில் வெட்டிய செம்மறிக் கிடாய்களை நிறுத்தி, ரிவால்வரால் சுட்டுச் சாய்க்க வேண்டும். பட்டால் போதாது, சாய வேண்டும். அதனால் கடையில் வாங்கும் தோட்டாவை யாரும் நம்புவதில்லை. அவரவர் வீட்டுப் பட்டறையில், அவரவர் வெடிமருந்தை அளந்து, அவரவரே தோட்டா அடைத்துக்கொண்டு வருவார்கள். ஆளுக்கொரு மருந்து, ஆளுக்கொரு பிடிவாதம். சங்கத்தில் இரண்டு கல்யாணங்கள் இதனால் முறிந்ததாகவும் சொல்வார்கள்.

அணியில் ஐந்து பேர். ஐவரிலும் அதிகக் கிடாய் சாய்த்தவள் லோர்னா ட்வைட். ஐம்பத்தெட்டு வயது, பண்ணை பண்ணையாகப் போய்த் தொட்டிகளில் கேஸ் நிரப்பும் லாரியை ஓட்டுகிறாள். அவளுக்கு ஊரில் வேறு பெயர் புகழ் எதுவும் கிடையாது. அந்த அணியில் நான்கு வருடமாக இருக்கும் இடம் ஒன்றுதான் அவளுடையது.

போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தளபதி ஐவரையும் சங்கக் கட்டடத்துக்கு அழைத்து, ஆளுக்கொரு கண்ணாடி ஜாடி கொடுத்தார். உள்ளே சாம்பல் நிற மருந்து. மேலே தங்க எழுத்தில் லேபிள்: 'தளபதிக் கலவை'. இனி அணி முழுவதும் ஒரே மருந்து, ஒரே ஒழுங்கு என்று அறிவித்தார். காலமான உறுப்பினர் ஒருவரின் மனைவி சங்கத்துக்குக் கொடுத்த பாதி பாதியாக மிஞ்சியிருந்த மருந்து டப்பாக்களைத் தம் கையாலேயே கலந்ததாகவும், இரண்டு நல்ல காபிக்கொட்டையைக் கலந்தால் மணம் கூடுவது போலத்தான் இதுவும் என்றும் விளக்கினார். கூடவே ஒரு காகிதத்தை நீட்டினார். போட்டியில் இந்த மருந்தைத்தான் போடுவேன் என்ற உறுதிமொழி அதில் இருந்தது.

நால்வர் கையெழுத்துப் போட்டார்கள். காகிதம் லோர்னாவிடம் வந்தபோது அவள் ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் உருண்டை மணியும் இருந்தது, தட்டைச் செதிலும் இருந்தது.

தோட்டா அடைக்கிறவர்களுக்குள் ஆயிரம் சண்டை உண்டு. ஒன்றில் மட்டும் சண்டையே கிடையாது: இரண்டு மருந்தைக் கலக்காதே. ஒவ்வொரு மருந்துக்கும் கையேட்டில் ஒரு பக்கம் இருக்கிறது; எவ்வளவில் தொடங்கலாம், எதைத் தாண்டக் கூடாது என்று. கலவைக்குப் பக்கமே இல்லை. அது எவ்வளவு வேகமாய் எரியும் என்பது அதற்கே தெரியாது. மேக்னம் என்ற பெரிய தோட்டாவில் அந்த வேகம் தப்பினால் ரிவால்வரில் தோட்டா உட்காரும் உருளை பாதியாகப் பிளந்து மேலே போகும். கூடவே என்னென்ன போகும் என்பது அந்த நேரம் கை இருக்கும் இடத்தைப் பொறுத்தது.

லோர்னாவுக்குத் தன் மருந்தைத் தேர்ந்தெடுக்கப் போன குளிர்காலம் முழுவதும் ஆகியிருந்தது. பட்டறை மேசையில் ஒரு நேரத்தில் ஒரே டப்பா, மற்றவை அலமாரிக்குள். முதல் மருந்து வேகமாய் எரிவது, சிக்கனமானது. சிட்டிகை போதும். அந்தச் சிட்டிகை தோட்டாவின் நீளமான பித்தளைக் கூட்டின் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். மறந்துபோய் இன்னொரு முறை ஊற்றினாலும் கண்ணுக்குத் தெரியாது. வேலை நேரத்தில் ரேடியோவோடு சண்டை போடும் பழக்கம் தனக்கு உண்டென்று லோர்னாவுக்குத் தெரியும். அதை ஒதுக்கினாள். இரண்டாவது சாதுவானது, ஜனவரியில் ஒரு வேகம், வெயிலில் ஒரு வேகம். சாதுவை நம்பி இருநூறு மீட்டர் போக முடியாது. மூன்றாவது மெதுவாய் எரியும் உருண்டை மணி. கூட்டை அநேகமாய் நிரப்பிவிடும். இரண்டாம் முறை ஊற்றினால் மேசையெல்லாம் வழியும். சத்தம் அதிகம், நெருப்பு ஒரு முழம். ஆனால் குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானியில் பத்துத் தோட்டாவின் கணக்கும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. கையேட்டு அளவுக்கு மேலே போனாலும் கோபித்துக்கொள்ளும், கீழே இறக்கினாலும் கோபித்துக்கொள்ளும். அந்தக் குணம் லோர்னாவுக்குப் பிடித்திருந்தது.

"இதுக்குக் கையேட்டுல எத்தனாவது பக்கம்?" என்று ஜாடியைக் காட்டித் தளபதியிடம் கேட்டாள்.

கையேடு அனுபவம் இல்லாதவர்களுக்கானது என்றார் தளபதி.

"சரி. உங்க அனுபவத்துல இது எத்தனை தோட்டா போயிருக்கு?"

தளபதி இடுப்பில் இருந்த தோட்டாப் பெட்டியைத் தட்டிக் காட்டினார். மாதக்கணக்காகத் தாம் இதைத்தான் சுடுவதாகச் சொன்னார். லோர்னா கையை நீட்டி ஒன்றை எடுத்துப் பார்த்தாள். பளபளவென்ற வெள்ளிப் பூச்சு, அடைப்பு இயந்திரத்தின் கீறல் ஒன்றுகூட இல்லை. இதுவரை யாருடைய பட்டறையையும் பார்த்திராத தோட்டா.

"இது கடைத் தோட்டா, தளபதி."

யாரோ இருமினார்கள். தளபதியின் கழுத்து சிவந்தது. சங்கத்தில் கட்டுப்பாடு வேண்டும் என்று பேச ஆரம்பித்தவர், இன்ஷூரன்ஸ் ஆபீஸில் பேசுவது போலவே மூன்று நிமிடம் பேசினார். பிறகு குரலை இறக்கினார்.

"கையெழுத்துப் போடும்மா. இல்லேன்னா பேரை அடிக்க வேண்டியிருக்கும்."

"நீங்க இந்த ஜாடியிலேருந்து ஆறு தோட்டா அடைங்க. என் கண் முன்னாடி, உங்க துப்பாக்கியில சுடுங்க. ஆறும் போச்சுன்னா போடறேன்."

"எனக்கு மணிக்கட்டு வலி."

"எனக்கு மணிக்கட்டு நல்லா இருக்கு. அப்படியே இருக்கட்டும்னு பாக்கறேன்."

பெயர் அடிக்கப்பட்டது. தளபதி அளவுகோல் வைத்து நேராகக் கோடு போட்டார்.

வெளியே லாரி வரைக்கும் கூட வந்தவன் ஆர்வில் ஸ்கார். அணியில் அவளுக்கு அடுத்தபடி சுடுகிறவன், பள்ளிக்கூடத்தில் மரவேலை சொல்லிக்கொடுக்கிறவன். ஏன் இப்படி நெட்டுக்குத்தாக நிற்கிறாய் என்று கடிந்துகொண்டான். அந்த மருந்தை யார் போடப்போகிறார்கள்? தன் ஜாடி நேரே மனைவியின் டேலியாப் பாத்திக்குப் போகிறது. வீணான மருந்து செடிக்கு நல்ல உரம். மற்ற மூவர் வீட்டுப் புல்தரைக்கும் அதே கதிதான்.

"அப்ப ஏன் கையெழுத்து போட்டீங்க?"

"கையெழுத்து காகிதத்துல போடறது, லோர்னா. மருந்து தோட்டாவுல போடறது."

"நாளைக்கு நீங்க ஜெயிச்சா அந்தக் கலவைதான் ஜெயிச்சுதுன்னு அவர் சொல்லுவார். அடுத்த வருஷம் புதுசா ஒருத்தன் அதை நம்பி அடைப்பான். அவன் கைக்கு என்ன உரம் போடுவே?"

ஆர்வில் ஜாடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன் வண்டிக்குப் போனான்.

போட்டியன்று லோர்னா காலை எட்டு மணிக்கே வந்துவிட்டாள். ரெட் வில்லோவிலிருந்து வந்த நடுவர் ஃபெர்ன் டகெட், ஓய்வுபெற்ற தபாலாபீஸ் அம்மாள்; எந்த உறையையும் முகவரி பார்க்காமல் வாங்காதவள். லோர்னாவின் பெயர் பட்டியலில் இல்லை என்றார் தளபதி. ஃபெர்ன் சுடும் மேடையைப் பார்த்தாள். முதல் சுற்றில் ஓரத்து இடம் காலியாக இருந்தது. பாதுகாப்பான துப்பாக்கியோடு யார் வந்தாலும் காலி இடத்தில் சுடலாம். கணக்கில் மட்டும் வராது. விதி அப்படித்தான் என்றாள்.

"வராட்டி பரவாயில்ல," என்றாள் லோர்னா.

மல்லாந்து படுத்தாள். முழங்காலை மடக்கி, உருளையிடுக்கில் பீறும் நெருப்புக்குக் கணுக்காலில் தோல்பட்டை கட்டி, ரிவால்வரைக் காலோடு அணைத்துக்கொண்டாள். தூரத்துக் குறிக்கு இப்படி மல்லாந்து சுடும்போது எல்லோரும் கவிழ்த்துப்போட்ட ஆமை மாதிரிதான் இருப்பார்கள்; தளபதி நிழற்படம் எடுத்துக்கொள்வது எப்போதும் நின்ற நிலையில்தான்.

முதல் வெடியில் பக்கத்து ஆள் தொப்பியைப் பிடித்துக்கொண்டான். கொஞ்சம் கழித்துத் தூரத்தில் மணி அடித்தது போல ஓசை வந்தது. கிடாய் ஒரு கணம் யோசித்துவிட்டுப் பின்புறமாகச் சாய்ந்தது. இரண்டாவதும் சாய்ந்தது. மூன்றாவதும். நான்காவது குண்டு பின்தொடையில் பட்டது. கிடாய் அரைவட்டம் திரும்பி நின்று அவளையே பார்த்தது. ஐந்தாவது யோசிக்கவே இல்லை, சாய்ந்தது.

ஃபெர்ன் நோட்டில் எதுவும் எழுதவில்லை. ஆனாலும் எழுந்து வந்தாள். என்ன மருந்து என்று கேட்டாள்.

லோர்னா வாயைத் திறப்பதற்குள் தளபதி குறுக்கே வந்தார். "எங்க சங்கத்துக் கலவைதான். நான் தயார் பண்ணினது."

லோர்னா படுத்தபடியே திரும்பினாள். "பொய். என்னோடது டப்பாவுல வந்த மருந்து. கையேட்டுல பக்கம் இருக்கு, என் நோட்டுல அளவு இருக்கு, பாத்துக்கங்க. அந்தக் கலவையை இந்த ஊர்ல ஒருத்தரும் அடைக்கல. அடைக்கவும் கூடாது. கையெழுத்து போட்ட நாலு பேரும் அங்கதான் நிக்கறாங்க, கேளுங்க."

நால்வரும் மலைகளைப் பார்த்தார்கள். கிழக்கு மொன்டானாவில் பார்க்கும்படியான மலை கிடையாது. கடைசியில் ஆர்வில் தொண்டையைச் செருமினான்.

"என்னோடது டேலியாவுல இருக்கு," என்றான். "இந்த வருஷம் செடி நல்லாத்தான் வருது."

ஃபெர்ன் அதை நோட்டின் குறிப்புப் பத்தியில் எழுதிக்கொண்டாள், மையில். பிறகு அடுத்த சுற்றை அழைத்தாள். இங்கே வழக்கம் ஒன்று உண்டு: சாய்ந்த கிடாய்களை அடுத்து அந்த இடத்தில் சுடப்போகிறவரே போய் நிமிர்த்த வேண்டும். லோர்னாவின் பெயரை அடித்து, அணியில் அவள் இடத்தைத் தமக்கே எழுதிக்கொண்டவர் தளபதி. இப்போது ஓரத்து இடமும் அவருக்குத்தான் வந்தது.

அவர் நடுவரைப் பார்த்தார். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தாள்.

இருநூறு மீட்டர் வெயிலில் நடந்து போனார். ஒரு கிடாய் இருபத்தைந்து கிலோ. முதல் கிடாயின் கொம்பைப் பிடித்து இழுத்தார், அசையவில்லை. குனிந்து, மண்டியிட்டு, அதைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். கணக்கில் வராத கிடாய் என்பதால் எடை ஒன்றும் குறைந்திருக்கவில்லை. ஆர்வில் உதவிக்குப் போகலாமா என்பது போல லோர்னாவைப் பார்த்தான்.

"நில்லு," என்றாள் அவள். "இன்னும் மூணு இருக்கு."