அழகம்மாவின் செட்

எண்பத்துமூன்று ஆடிக் கலவரம். ஊரடங்கு தளர்ந்த காலையில் பல்கலைக்கழகப் பெண்கள் விடுதி வாசலில் ஒரு மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். புசல்லாவையிலிருந்து பாதி வழி நடந்தே வந்திருக்கிறார். விடுதிக்குப் பொறுப்பான விரிவுரையாளர் கமலாசனியைக் கண்டதும் கும்பிட்டார்.

"நான் வீரய்யாங்க, அழகம்மாவோட அப்பா. எங்க தோட்டத்து லயத்து வீடுகளுக்கு நெருப்பு வச்சப்பகூட நான் கலங்கல, டீச்சரம்மா. புள்ள ஒங்க கையிலதானே இருக்கான்னு தைரியமா இருந்தேன்."

விடுதியைவிட்டு வெளியேற்றப்பட்டதை அந்தப் பெண் வீட்டில் சொல்லவேயில்லை என்பது கமலாசனிக்கு அப்போதுதான் உறைத்தது. கதிரையைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை.

வெளியேற்றியவளே கமலாசனிதான். விரிவுரையாளர் அறையில் தேநீர் வேளையில் அழகம்மா தலைமையில் திரிந்த அந்த 'செட்'டைப் பற்றிப் பேசாத நாளில்லை. படிக்க வந்ததுகளா, சண்டித்தனம் பண்ண வந்ததுகளா என்பார் சக விரிவுரையாளர் யோகேந்திரன். ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாக நடந்து, ஒருத்தியைக் கேட்டால் அத்தனை பேரும் வாயை மூடிக்கொள்கிற கூட்டம். செட்டுக்குள் நடப்பதை விரிவுரையாளரிடம் சொல்வதில்லை என்பது அவர்கள் வைத்திருந்த சட்டம். புதிதாய் வந்த இரஞ்சிதம் குளியலறையில் விம்மிக்கொண்டிருக்க, இவர்கள் சுற்றி நின்றதைக் கமலாசனியே ஒருநாள் கண்டாள். பகிடிவதைதான், வேறென்ன. என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு அழகம்மா முகத்தை நேரே பார்த்தபடி பேசாமல் நின்றாள். திமிர் என்று கமலாசனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலையைக் கிள்ளினால் கூட்டம் அடங்கும் என்று அவள் விசாரணையில் சொன்னபோது எல்லாரும் தலையாட்டினார்கள். அழகம்மா கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டில் வாடகைக்கு அறை எடுத்துப் போனாள்.

ஊருக்குப் போக வழியில்லாமல் விடுதியில் முடங்கியிருந்த பெண்களில் இரஞ்சிதமும் ஒருத்தி. அவள் கமலாசனியை உள்ளே கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நாங்கள் போய்ப் பாத்திட்டுத்தான் வாறம், மிஸ். அழகம்மாக்கா இருந்த வீட்டில கரிதான் கிடக்கு. அகதி முகாமிலயும் அக்கா இல்லை."

கமலாசனி வாசற்பக்கம் பார்த்துக் கதவைச் சாத்தினாள்.

"அண்டைக்குக் குளியலறையில என்னை ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை, மிஸ். தம்பி ஆயுதம் தூக்க இயக்கத்துக்குப் போயிட்டான் எண்டு அண்டைக்குத்தான் அறிஞ்சனான். வெளியில தெரிஞ்சா ஆமிக்காரங்கள் என்னைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள் எண்டுதான் அக்கா வாய் திறக்கேல்லை."

"எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே, பிள்ளை."

"உங்களுக்கோ, மிஸ்?"

அந்தக் கேள்வியில் ஏளனம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

வாசலுக்குத் திரும்பி வந்தபோது வீரய்யா, மகளின் அறை எந்தப் பக்கம் என்று பணிவாகக் கேட்டார். கமலாசனி கதிரையை அவர் பக்கம் நகர்த்தினாள். டீச்சருக்கு ஆயிரம் வேலை இருக்கும், தொந்தரவு பண்ணக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, தானே முற்றத்தில் இறங்கி அண்ணாந்து மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

மேல்மாடியில் ஒரு சன்னல் திறந்தது. பக்கத்துச் சன்னலும் திறந்தது. அப்புறம் வரிசையாக எல்லாம் திறந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பெண் முகம். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார்.