இலையின் அடிப்பக்கம்

அண்ணி அந்த இலையை நாக்கில் வைத்துப் பார்த்தாள். இரண்டு நாளாகத் தண்ணீரைத் தவிர எதையும் ஏற்காத நாக்கு.

"துப்பு, துப்பு," என்று அண்ணன் கிண்ணத்தை நீட்டினான். அவள் சட்டை செய்யவில்லை.

"இனிக்குது."

கட்டிலின் கால்மாட்டில் நின்ற நாத்தனாரை அவள் வாயாடி என்றுதான் கூப்பிடுவாள். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசாதவளுக்கு அவள் வைத்த பெயர். அண்ணி நோயில் படுத்ததிலிருந்து பின்புறத்து முட்டைக்கோஸ் செடிகள் முந்நூறையும் வாயாடிதான் பார்த்துக்கொண்டாள். நான்கு நாளாக இலையெல்லாம் பிசுபிசுப்பு. தொட்டால் விரல் ஒட்டியது. பக்கத்துத் தோட்டக்காரர் வந்து பார்த்து, "இது நோய். என் செடிக்கும் தொத்திக்கும். பிடுங்குங்க, இல்லன்னா கடுமையா மருந்தடிங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"நோய் இனிக்காதுடி. இது பூச்சி கழிக்கிற தண்ணி. திருப்பு."

வாயாடி இலையைத் திருப்பினாள். நரம்போரம் சாம்பல் தூவியது போல அசுவினிப் பூச்சி அப்பிக் கிடந்தது. தினமும் மேல்பக்கத்தைத் துடைத்தவள், ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை.

சட்டைப்பையில் இலையோடு எத்தனையோ பேர் இந்த வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். மருந்து அடித்ததா அடிக்காததா என்று முதலில் கேட்பாள் அண்ணி. அடிக்காதது என்றால் முகர்வாள், கசக்குவாள், கடைசியில் நாக்கு. அவசரத்தில் ஒரு பதிலும் சொன்னதில்லை. மூச்சு வாங்கும் இப்போதும் அதே நிதானம்.

"எறும்பு ஏறுதா?"

"ஏறுது."

"கருப்பா, முதுகுல ஆரஞ்சுப் பொட்டோட ஒரு புழு. பார்த்தியா?"

வாயாடி இலையை மறுபடி கவிழ்த்தாள். இல்லை என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது.

"இருந்துச்சு அண்ணி. அதுதான் செடியைக் கெடுக்குதுன்னு... பொறுக்கி நசுக்கிட்டேன்."

"எத்தனை?"

"நாப்பது இருக்கும்."

அண்ணியின் தோள் குலுங்கியது. வலி என்று நினைத்து அண்ணன் எழுந்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அது பொறிவண்டுக் குஞ்சுடி. அசுவினியைத் தின்ன வந்தது. காவலுக்கு வந்த போலீஸை எல்லாம் நீயே சுட்டுத் தள்ளிட்டே."

பிறகு விட்டுவிட்டுச் சொன்னாள். "மருந்து வேணாம், மிச்சக் குஞ்சும் செத்துரும். ரொம்ப அப்பின இலையைக் கிள்ளிடு. கீழேருந்து தண்ணியைப் பீய்ச்சு. அப்புறம் குளிக்கிற சோப்பைக் கொஞ்சமாக் கரைச்சுத் தெளி. துவைக்கிற பவுடர் போட்டா இலை கருகிடும். வெயில் இல்லாத நேரமாப் பார்த்துச் செய். குஞ்சு இருக்கிற செடியைத் தொடாதே."

அன்று மாலை வாயாடி நான்காவது வரிசையில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தபோது, அண்ணன் பின்வாசலில் வந்து நின்றான். அவள் குழாயை மூடினாள்.

மறுநாள் காலை முன்வாசலில் நாற்காலி போட்டிருந்தார்கள். சுடுகாட்டு வண்டி பத்து மணிக்கு வரும். "என் காலிஃபிளவர் மொத்தத்தையும் காப்பாத்திக் குடுத்தது அந்தம்மாதான்" என்று யாரோ யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

பின்பக்கம் வேலிக்கதவு திறந்தது. பக்கத்துத் தோட்டக்காரர், முதுகில் மருந்து டேங்கோடு. கண் சிவந்திருந்தது.

"இன்னைக்கு உங்களால ஆகாதும்மா. நானே அடிச்சு விட்டுடறேன். அவங்களுக்கு என்னால முடிஞ்சது."

வாயாடி வரப்பில் குறுக்கே நின்றாள்.

"வேணாம் மாமா."

"துக்கத்துல பேசுறே. எல்லாம் போயிடும்."

"நோய் இல்ல, அசுவினி. அதைத் தின்னுற குஞ்சு மூணு மிச்சம் இருக்கு, எண்ணிட்டேன். மத்ததை நான்தான் கொன்னேன். மருந்து விழுந்தா இதுவும் போயிடும்." அவளுக்கு மூச்சு இரைத்தது. "ஒரு வாரம் குடுங்க. சரியாகலன்னா நானே பிடுங்கிடறேன்."

அவர் செடிகளைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார்.

"அவங்க இலையைப் பார்த்தாங்களா?"

"நேத்துப் பார்த்தாங்க."

அவர் டேங்கின் வாரைத் தோளிலிருந்து கழற்றி, அதை வேலிக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

"அந்த மூணும் எங்கே?"

அவள் ஆறாவது வரிசையைக் காட்டினாள். அவர் செருப்பை விட்டுவிட்டு, கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, எந்த இலையிலும் சட்டை உரசாமல் நடந்து போனார்.