பிஜப்பூர் கும்மட்டத்தில் கேட்ட குரல்

மேற்கே கன்னடச் சீமைக்குப் போய்வந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. இன்றும் தறி ஓய்ந்திருக்கும் மத்தியானங்களில் சௌடேஸ்வரியின் நினைப்பு அந்தப் பக்கம் ஓடிவிடும்.

நாற்பத்தாறாம் வருஷம் தை மாதம் அது. பாதாமிக்குப் பக்கத்தில் பனசங்கரி அம்மன் தேருக்கு வருவதாக அவள் புருஷன் நாகையா நேர்ந்திருந்தான். அருப்புக்கோட்டையில் சேலை நெய்து, சுற்றுப்பட்டு ஊர்களில் கொண்டுபோய் விற்கிறவன். "நீயும் வா" என்று அவன் கூப்பிட்டது அவளுக்கே ஆச்சரியம். முந்தின வருஷம் நாலு வயது மகள் லிங்கம்மாள் காய்ச்சலில் போனதிலிருந்து இருவரும் தேவைக்கு மேல் பேசியதில்லை. மாமனார், கொழுந்தன்மார் என்று ஆள் நிறைந்த வீட்டில் அது யாருக்கும் தெரியவும் இல்லை.

விருதுநகரில் ரயிலேறி, நாலு இடத்தில் வண்டி மாறிப் பாதாமி போய்ச் சேர்ந்தார்கள். செக்கச்செவேலென்று மலை. அதைக் குடைந்து கோயில்கள். அடியில் பச்சைத் தண்ணீர்க் குளம். கரிசலையே பார்த்துப் பழகிய கண் அவளுக்குக் கூசியது. தேர்க்கடையில் பூக்காரி பேசியதைக் கேட்டதும் அப்படியே நின்றுவிட்டாள். அருப்புக்கோட்டையில் அவர்கள் வீட்டுக்குள் மட்டும் புழங்குகிற கன்னடம், இங்கே தெருவெல்லாம்! இவள் பதில் சொன்னதும் பூக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எந்தூருக் கன்னடம்மா இது? பழைய காலத்துப் பேச்சால்ல இருக்கு!"

சிரித்துவிட்டு ஒரு முழம் பூ கூடுதலாகவே கொடுத்தாள்.

அங்கிருந்து பிஜப்பூர். வானத்தைப் பாதி மறைத்துக்கொண்டு நின்றது சுல்தானுடைய சமாதிக் கும்மட்டம். உள்ளே கும்மட்டத்தின் அடிவிளிம்பைச் சுற்றி ஓடுகிற நடைக்கு நூறு படிக்கு மேல் ஏறவேண்டும். சௌடேஸ்வரி மூச்சு வாங்கப் பின்தங்கினாள். முன்னால் போன நாகையாவிடம் காவல்காரர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"அங்கிட்டுப் போயி நிக்கிறேன். நீ இங்கனயே நில்லு" என்று அவன் வட்டமான நடையைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனான். அவ்வளவு தூரத்தில் அவன் தலைத்துண்டு மட்டும் வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது.

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். ஒரு வருஷமாக நெஞ்சுக்குள் கிடந்தது, பக்கத்தில் யாருமில்லை என்ற தைரியத்தில் முனகலாக வெளியே வந்தது. "புள்ளைக்கு மேலு சுட்டது தெரிஞ்சும் நாந்தான உங்களை வீரசோழன் சந்தைக்கு ஏவாரத்துக்குப் போகச் சொன்னேன்."

"எனக்கும் தெரியும் சௌடி" என்றது சுவர். "தொட்டுப் பாத்துட்டுத்தான் போனேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காதோரம் நின்று பேசுகிற மாதிரி அவன் குரல்.

"நான் பேசுனது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. மெல்லப் பேசுனாலும் இங்கிட்டுக் கேக்கும்னு காவக்காரரு சொன்னாரு."

"பெறகு ஏன் இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லலை?"

"நீ என்னையத்தான் மனசுக்குள்ள வையிறேன்னு நெனச்சேன்."

"நீங்க என்னைய வையிறீங்கன்னு நான்…"

அதற்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று மேலேறி வந்து கை தட்டியது. ஒவ்வொரு தட்டும் ஏழெட்டுத் தரம் உருண்டது. ஒன்றும் கேட்கவில்லை. நாகையா நடையைச் சுற்றி வருவது தெரிந்தது. அவளும் நிற்காமல் அவனுக்கு எதிரே நடந்தாள். பாதி வழியில் சந்தித்தபோது இருவருக்குமே முகம் நனைந்திருந்தது.

பிறகு ஹூப்ளி போய் பஸ்ஸில் மலையிறங்கிக் கோகர்ணம். அங்கே கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது சூரியன் தண்ணீருக்குள் போனது.

"ராமேஸ்வரத்துல கடல்ல இருந்து எந்திரிக்கும். இங்க கடல்ல விழுகுதே!" என்றான் நாகையா.

அந்தச் சாயங்காலம் முழுக்க மகளைப் பற்றியே பேசினார்கள். தறிக்கு நீட்டியிருந்த பாவு நூலுக்குள் புகுந்து அவள் சிக்கலாக்கியது, வெல்லத்தைத் திருடிவிட்டு வாயைத் துடைக்க மறந்தது. ஒரு நாள் கூடுதலாகத் தங்கிவிட்டுத்தான் ஊர் திரும்பினார்கள்.

இப்போதெல்லாம் சேலை மூட்டையோடு அவளும் அவன்கூட பஸ்ஸேறுகிறாள். மேற்கே என்ன பார்த்தீர்கள் என்று பஸ்ஸில் யாராவது கேட்டால் நாகையா பாதாமி மலையையும் கோகர்ணத்துக் கடலையும் வாய் ஓயாமல் சொல்வான். கும்மட்டத்தைக் கேட்டால், "அது பெருசாக் கெடக்கும்" என்பதோடு நிறுத்திக்கொள்வான். சௌடேஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.