முகுரே வீட்டுக் கூடம்

கராத்தினா ஊரில் பங்கு வாங்கினால் வீட்டில் அறை முளைக்கும். விலை சரிந்தால் அறை காணாமல் போகும். முகுரேயும் அவள் ஓரகத்தி ஞொகாபியும் ஆளுக்கொரு மாட்டை விற்று, ஒரே நாளில் ஒரே தேயிலைக் கம்பெனியின் பங்கை வாங்கினார்கள். ஞொகாபி வாங்கியதோடு சரி, காபித் தோட்டத்தில் களையெடுக்கப் போய்விட்டாள். மழை பொய்த்த வருடம் அவள் வீடு காலை நீட்ட இடமில்லாமல் சுருங்கியது, அப்போதும் விற்கவில்லை. பிறகு வருடா வருடம் ஏதோ ஓர் அறை கூடிக்கொண்டே வந்தது. முகுரேயோ காலையில் வாங்கி மதியம் விற்பவள். திங்களன்று அவள் வீட்டுக்கு மாடி இருக்கும், புதனன்று படிக்கட்டு மட்டும் இருக்கும். ஒருநாள் குளித்துக்கொண்டிருந்த அவள் கணவர் சோப்பு நுரையோடு தெருவைப் பார்த்து நின்றார். அதைக்கூட முகுரே பொறுத்துக்கொண்டாள். ஞொகாபி வீட்டில் புது ஜன்னல் தெரிந்தால்தான் வயிறு பற்றி எரிந்தது.

முகுரேயின் மகள் காதோனிக்குப் பரிசம் பேச மாப்பிள்ளை வீட்டார் சனிக்கிழமை வருவதாக ஏற்பாடு.

"எங்க கூடத்துல வச்சுக்கலாமேக்கா, இடம் தாராளமா இருக்கு" என்றாள் ஞொகாபி.

"பெத்தவ நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். உன் வீட்டுக்குள்ள வச்சு என் பொண்ணுக்குப் பரிசம் பேசணுமாடி?"

முகுரேயின் கணக்கில் தப்பில்லை. சனி, ஞாயிறு சந்தை கிடையாது. வெள்ளி மூன்று மணிக்கு எது நிற்கிறதோ, அது திங்கள் காலைவரை அசையாது. வெள்ளி மதியமே அழகான கூடம் முளைத்துவிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். கயிறு பிடித்து அளந்தாள். ஞொகாபியின் கூடத்தைவிட ஒரு முழம் குறைச்சல். தரகனுக்குப் போன் போட்டாள்.

"எல்லாத்தையும் வித்துட்டு அந்த சிமென்ட் பங்க வாங்கு."

"மூட இன்னும் கால் மணி நேரம்தாம்மா இருக்கு. வேணாம்."

"சொன்னதச் செய்யுடா."

மூடுவதற்குள் சிமென்ட் விழுந்தது. கூடம் போய், புது சோபா வாழைகளுக்கு நடுவே நின்றது.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் முறைப்படி முகுரே வீட்டு வாசலில் நின்று பாடினார்கள். கதவு திறக்கும்வரை பாடவேண்டும். கூடத்தோடு கதவும் போயிருந்ததால், தொண்டை கட்டும்வரை பாடினார்கள். கடைசியில் ஞொகாபிதான் தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டாள். மாப்பிள்ளையின் அத்தை அவளைக் கட்டிக்கொண்டு, "பொண்ண எவ்வளவு பாங்கா வளத்திருக்கே!" என்றாள். முகிமோ மசியல் தட்டோடு வந்த முகுரேயிடம், "ஏம்மா, கறி இன்னும் கொஞ்சம் வையி" என்றாள்.

"ஐயோ, அவங்கதாங்க பொண்ணோட அம்மா. எங்கக்கா" என்று ஞொகாபி எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தாள். முகுரே உட்கார்ந்தாள். அத்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

திங்கள் காலை சந்தை திறந்ததும் கூடம் திரும்பி வந்தது. மறுபடி அளந்தாள், ஞொகாபியுடையதைவிட இரண்டு முழம் அதிகம். வேலியோரம் ஓடினாள்.

"அடியே ஞொகாபி, சீக்கிரம் டீ குடிக்க வாடி!"

ஞொகாபி வந்தாள். கூரையை நிதானமாக அண்ணாந்து பார்த்து, "பெருசுதான்க்கா" என்றாள். அந்த ஒரு சொல்லில் முகுரேவுக்கு உச்சி குளிர்ந்தது. இரண்டாவது டம்ளர் ஊற்றும்போது கிழக்குச் சுவர் போய்விட்டது. வெயில் முகத்தில் அடித்தது. இருவரும் நாற்காலியை மேற்கே நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள்.