மேட்டுக்காரர்

மனைவியின் கணக்கில் எங்காவது ஒரு பிழை இருந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் அவன் அன்று காலை கணினியைத் திறந்தான்.

இருவருக்கும் ஒரே ஆய்வுக்கூடம். அவன் கையிலிருந்தது ஒரு திடப்பொருள். அழுத்தம் கூடினால் அதன் அணுக்கள் ஓர் ஒழுங்கைக் கைவிட்டு வேறோர் ஒழுங்குக்கு மாறிவிடும். நடுவில் அவை ஓர் ஆற்றல் மேட்டை ஏறிக் கடக்க வேண்டும். அந்த மேட்டின் உயரத்தைக் கணக்கிடுவதிலேயே அவனுக்கு முடி கொட்டி நெற்றி ஏறிவிட்டது. கூடத்தில் அவனுக்கு ‘மேட்டுக்காரர்’ என்றே பேர். அவன் கணக்குப்படி மேடு வானத்துக்கு நின்றது. பரிசோதனையிலோ அந்தப் பொருள் லேசாக அழுத்தியதுமே மாறித் தொலைத்தது.

வேறு ஆராய்ச்சியிலிருந்த மனைவிதான் ஒருநாள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். “எல்லா அணுவும் ஒண்ணாத்தான் கிளம்பணும்னு ஏன் அடம் பிடிக்கிற? ஒரு அடுக்கு முதல்ல நகரட்டுமே.”

“அதெல்லாம் பாத்தாச்சு” என்றான். பார்த்திருக்கவில்லை. அவளே உட்கார்ந்து பார்த்தாள். மேடு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

பேராசிரியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. “என்ன மேட்டுக்காரரே, வீட்டுலயே வழி இருந்திருக்கு, நீங்க ஊரெல்லாம் தேடியிருக்கீங்க!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு மாலைவரை முகத்தில் ஒட்டிக்கொண்டு வலித்தது. அவள் கணக்கைக் கணினியில் இன்னும் பெரிய மாதிரியில் ஓட்டிச் சரிபார்க்கும் வேலையையும் அவர் அவனிடமே கொடுத்தார். கருத்தரங்கில் அவள் பேசுவதற்குள் முடிவு தெரிய வேண்டும்.

இப்போது அது முடிந்திருந்தது. பிழை ஒன்றும் இல்லை. மேடு இன்னும் கொஞ்சம் தாழ்ந்துதான் இருந்தது. அவளே நினைத்ததைவிடவும் அவள் சொன்னது சரியாக இருந்தது.

நடைபாதையில் பேராசிரியர் எதிர்ப்பட்டார். “என்னாச்சு?”

“ஓடிட்டு இருக்கு சார்.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு, வெகுநாளைக்குப் பின் மூச்சு இலகுவாக வந்தது. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

மதியம் அவள் மேசைக்குப் போனான். கருத்தரங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் இருந்தது. அவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“முடிஞ்சுதா?”

“இன்னும் இல்ல.”

“அப்ப பேச்சுலேர்ந்து இந்தப் படத்த எடுத்துடறேன். நாலு பேர் முன்னாடி மூக்கறுபட என்னால முடியாது. உன் கணக்கு வராம நான் எத நம்பிப் பேசறது?”

திரையில் அவள் வரைந்த படம். அவனுடைய உயர்ந்த மேடு சாம்பல் நிறத்தில், அதற்குக் கீழே அவளுடைய சிவப்புக் கோடு. ஓரத்தில் இருவர் பேரும். அவன் பேர் முதலில். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவள் விரல் அழிக்கும் பொத்தானுக்குப் போனது.

“இரு. சரியாத்தான் வந்திருக்கு. உன்னோடத விட இன்னும் கீழ.”

அவள் முகம் மலர்ந்தது. பாதியில் நின்றது.

“எப்ப வந்துச்சு?”

“காலையில.”

அவள் புது எண்ணை மட்டும் வாங்கி, படத்தில் திருத்திவிட்டு, மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு அரங்குக்கு நடந்தாள். அவன் பேரை எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

அரங்கில் அவன் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். குரல் நடுங்காமல் அவள் பேசினாள். படம் வந்ததும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. முன்வரிசையில் ஒருவர் கைபேசியில் படமெடுக்க எழுந்து நின்றார். அவருடைய தலை சிவப்புக் கோட்டை முழுதாக மறைத்தது. திரையில் சாம்பல் மேடு மட்டும் தனியாக, உயரமாக நின்றது. பக்கத்திலிருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அவன் கழுத்தை நீட்டவில்லை.