வாயிற்கதவில் வெள்ளைத் துண்டு

பைன் மரங்களின் வளைவில் தோன்றிய சாம்பல் நிற வண்டி வாயிற்கதவருகே வேகம் குறைந்து, ஒரு கணம் நின்று, பிறகு வந்த வழியே திரும்பிப் போவதை வெர்னா சமையலறைச் சன்னலிலிருந்து கண்டாள். காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு முற்றத்துக்கு ஓடினாள். அதற்குள் புழுதி மட்டுமே மிஞ்சியிருந்தது. வாயிற்கதவில் வெள்ளைத் துண்டொன்று காற்றில் அசைந்துகொண்டிருந்தது.

அந்த மலையில் அதற்கு ஒரே பொருள்தான். காட்டுத்தீ நெருங்கும்போது வீட்டைவிட்டு வெளியேறுகிறவர்கள் கதவில் வெள்ளைத் துண்டைக் கட்டிவிட்டுப் போவார்கள். உள்ளே காக்க வேண்டிய உயிர் எதுவுமில்லை என்று தீயணைப்பவர்கள் கடந்து செல்வார்கள். நேற்றிலிருந்து அடுத்த பள்ளத்தாக்கில் புகை வேறு எழுந்துகொண்டிருந்தது.

"யாரு கட்டினது அதை?"

"கட்டல. காயப்போட்டேன்," என்றார் அவள் கணவர் ஹார்லன். "டில்லியைக் குளிப்பாட்டித் துடைச்ச துண்டு. கொடிக்கயிறுதான் அறுந்து கிடக்கே."

"காலமெல்லாம் இந்த மலையில இருக்க. கதவுல வெள்ளையைப் பாத்தா, டில்லியை எடுத்துட்டுப் போக வந்த ஓடெட் என்ன நினைப்பா? எல்லாரும் போயாச்சுன்னுதான திரும்பிட்டா."

"கண்ணுல சோப்புத் தண்ணி பட்டுடுச்சு. எங்க போடறேன்னே தெரியல."

சோப்புத் தண்ணீர் என்று அவர் சொன்னதை வெர்னா நம்பவில்லை, மறுக்கவும் இல்லை.

வாசற்பலகையில் டில்லி கிடந்தது. முதுமையால் முந்தைய மாலை அடங்கிய உயிர். ஆறாண்டுகளுக்கு முன் தீ இவ்வீட்டை உண்டபோது, எரியும் சரிவினூடே பாதங்கள் கருக ஓடிவந்த நாய் அது. புது வீடு எழுந்தது. அச்சம் மட்டும் ஆறவில்லை. யாரேனும் தீக்குச்சி உரசினாலும் ஓடைக்கு ஓடி, வயிறு நனையும் ஆழத்தில் போய் அமர்ந்துவிடும். அதன்பொருட்டு அந்த வீட்டில் விறகடுப்பு மூட்டப்படவே இல்லை. ஹார்லன் ஒவ்வொரு குளிர்காலமும் முனகினார், ஒருநாளும் மூட்டியதில்லை. அன்று அந்தக் கருகிய பாதங்களைக் கையிலேந்தி, 'இனி நெருப்பு உன்னைத் தொடாது' என்று வெர்னா வாக்களித்திருந்தாள். கேட்டது நாய்தான் என்பதால் அவ்வாக்கு அவளுக்குச் சிறியதாகிவிடவில்லை.

தீயில் கம்பி அறுந்து தொலைபேசி செத்திருந்தது. இறந்த பிராணிகளை நெருப்பின்றித் தண்ணீரிலேயே கரைத்து எலும்பைத் தரும் ஓடெட்டைத் திரும்ப அழைக்க வழியில்லை.

"மத்தியானம் கால்நடை டாக்டரோட வண்டி வருது. அதுல குடுத்துடலாமே," என்றார் ஹார்லன்.

"அது நேரா எரியுலைக்குத்தான் போகும்."

"செத்ததுக்கு நெருப்பென்ன, தண்ணியென்ன? உன் ஓடெட் நாய வெச்சு சூப்புல்ல காய்ச்சறாளாம்."

"உன்னைத்தான் காய்ச்சணும். ரெண்டு நாள் கொதிச்சாலும் வேகமாட்ட, கிழவா. சாவி எங்க?"

அவர் உள்ளே போய்ச் சாவியோடு வந்தார். பிறகு வாயிற்கதவுவரை போய்த் துண்டையும் உருவிக்கொண்டு வந்து, டில்லியை அதில் பொதிந்து தூக்கினார்.

ஆற்றங்கரைச் சிற்றூரில், முன்பு பாலகமாக இருந்த கட்டடத்தில் ஓடெட்டின் பணி நடந்தது. அவர்களைக் கண்டதும் அவள் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"துண்டைப் பாத்துட்டேன் வெர்னா. தப்பிச்சுப் போயிட்டீங்கன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டே வந்தேன்."

அவள் எஃகுக் கூடையொன்றைக் காட்டினாள். "கொதிக்க விடறதில்ல. நல்ல சூட்டுத் தண்ணி, அதுல சோப்புக்குச் சேர்க்கற காரம் கொஞ்சம். மெதுவா ஓடிக்கிட்டே இருக்கும். மண்ணு வருஷக்கணக்குல செய்யறதத் தண்ணி ஒரே நாள்ல செஞ்சுடும். எலும்பு மட்டும் வெள்ளையா நிக்கும்; காயவெச்சுப் பொடியாக்கிக் குடுப்பேன். புகையும் கிடையாது." பிறகு தயங்கி, "இந்தத் துண்டு மட்டும் உள்ள போகக்கூடாது. பருத்தி கரையாது. பட்டோ கம்பளியோன்னா பரவால்ல. உடம்புலேருந்து வந்தது உடம்போட போயிடும்," என்றாள்.

வெர்னா துண்டை விலக்கினாள். எஃகின் மீது வெற்றுடம்பாகக் கிடந்தது டில்லி. எங்கு படுத்தாலும் அடியில் ஏதேனும் ஒன்று இருந்தால்தான் அதற்கு உறக்கம் வரும். வாக்கைக் காத்தவளுக்கு இந்தச் சிறு குறைதான் தாளவில்லை.

ஹார்லன் தம் தடித்த சட்டையைக் கழற்றினார்.

"இது ஆட்டுக்கம்பளி."

"குளிர்காலம் வருது, ஹார்லன்."

"பாதி கம்பளி, பாதி டில்லியோட முடி. எவனுக்குத் தெரியும் இது யாரோட சட்டைன்னு?"

ஓடெட் கத்தரிக்கோலை நீட்டினாள். வெர்னா பித்தளைப் பொத்தான்களை ஒவ்வொன்றாக வெட்டிப் பையில் போட்டுக்கொண்டாள். ஹார்லன் சட்டையை விரித்து, டில்லியைக் கிடத்தி, சட்டைக் கைகளிரண்டையும் அதன்மேல் மடித்துவிட்டார். கூடை உள்ளே சென்றது, மூடி அடைபட்டது, குழாயில் நீர் இறங்கும் ஓசை எழுந்தது. ஐம்பூதங்களுள் ஒன்று துரத்திய உயிரை மற்றொன்று மடியில் ஏந்திக்கொண்டது.

வீடு திரும்பியபோது வெயில் மலைக்குப் பின்னே சாய்ந்திருந்தது. மெல்லிய உட்சட்டையோடு விறகடுப்பின் முன் அமர்ந்த ஹார்லனின் தோள்கள் குளிரில் ஒடுங்கியிருந்தன. கையில் தீப்பெட்டி.

"மூட்டேன்," என்றாள் வெர்னா. "இனி யாரு பயப்படப் போறா?"

அவர் பெட்டியை முன்னும் பின்னும் திருப்பினார்.

"இன்னும் தண்ணிலதான இருக்கா. வீடு வந்து சேரட்டும்."

வெர்னா போர்வையொன்றைக் கொணர்ந்து இருவர் தோளையும் சேர்த்து மூடினாள். சில்லென்றிருந்த அடுப்பின் மேல் தீப்பெட்டியும், அருகே பித்தளைப் பொத்தான்களும் கிடந்தன. திறந்திருந்த கதவின் வழியே ஓடையின் ஒலி உள்ளே வந்துகொண்டிருந்தது.