ஜெயவேலுவுக்குப் பதில் நாலு கேன்

சனிக்கிழமை காலையில் அஸ்தினாபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினால், மாடம்பாக்கம் திருப்பம் வந்ததும் பட்டாபிராமனின் கை இன்னமும் தானாக பிரேக்கைத் தொடும். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்து, ஏதோ திட்டிவிட்டுப் போவான். பல வருஷங்களாக அந்த இடத்தில் திரும்பி, கோயிலைத் தாண்டி, ஜெயவேலுவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போன பழக்கம். இப்போது பின் சீட் காலி. மேடவாக்கம், சோழிங்கநல்லூர் தாண்டி முட்டுக்காடு வரை வாய் திறக்க வேலையில்லை.

பட்டாபிராமன் பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஒல்லியான மனிதர். மனைவி சாவித்ரி மகளின் பிரசவத்துக்காக டல்லாஸ் போய், குழந்தை தவழ ஆரம்பித்த பிறகும் திரும்பவில்லை. ஜெயவேலு மாடம்பாக்கத்துக்காரர். அப்பா உழுத நிலம் பிளாட்டுகளாகிவிட, அதன் முகப்பில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். பேங்க் கவுன்ட்டரில் ஏற்பட்ட பழக்கம் சிநேகமாகி, இருவரும் கூட்டாக ஒரு சின்னப் பாய்மரப் படகு வாங்கி, முட்டுக்காடு கழிமுகத்தில் ஒரு கிளப்பில் நிறுத்தியிருந்தார்கள்.

இரண்டு பேர் ஓட்டுகிற படகு. ஒருவர் சுக்கானையும் பெரிய பாயையும் பார்த்துக்கொள்வார். மற்றவருக்குச் சின்னப் பாய். அதோடு, காற்று படகை எந்தப் பக்கம் சாய்க்கிறதோ அதற்கு எதிர்விளிம்பில் உட்கார்ந்து சரிக்கட்டவும் வேண்டும். படகு திரும்பினால் பாய் பக்கம் மாறும். அவரும் குனிந்து அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் தாவ வேண்டும். மூளை பட்டாபியுடையது, எடை ஜெயவேலுவுடையது என்று கிளப்பில் கிண்டல் செய்வார்கள். ஜெயவேலு அதற்கும் சிரிப்பார்.

ஒரே குறை, அவர் பேச்சு. படகில் கால் வைத்ததிலிருந்து இறங்குகிற வரை நிற்காது. பைப் போடத் தோண்டி மூடாமல் போன பள்ளம், வாடகை தராத குடித்தனக்காரர், மச்சினன் வாங்கிய நாய், எல்லாம் வரும். ஒவ்வொரு திருப்பத்துக்கு முன்னாலும், "அப்புறம் இன்னா ஆச்சு தெரியுமா சார்" என்று ஆரம்பித்து, தாவி உட்கார்ந்த பிறகு மீதியைச் சொல்வார். பாதி நாள் பட்டாபிராமன் காதிலேயே வாங்கமாட்டார்.

போன பொங்கலுக்குப் பிறகு கிளப்பில் ஒரு போட்டி வைத்தார்கள். படகில் ஏறும்போதே பட்டாபிராமன் சொல்லிவிட்டார்.

"இன்னிக்கு ஒரு நாள் வாயைத் திறக்காம வாங்க, ஜெயவேலு. எனக்குக் கவனம் சிதறுது."

ஜெயவேலு தலையாட்டினார். அப்படியே ஒரு வார்த்தை பேசாமல் வந்தார். படகு முன்னணியில் இருந்தது. மிதவையைச் சுற்றிக்கொண்டு திரும்பும்போதுதான் அந்தக் கோளாறு. பாய் மாறியது, ஜெயவேலு மாறவில்லை. விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். படகு அவர் பக்கமாகவே கவிழ்ந்தது.

மீட்புப் படகு வந்து கரை சேர்த்தது. கையில் டீயோடு எல்லோரும் நின்றுகொண்டிருக்க, பட்டாபிராமன் எரிச்சலில் சொன்னார்:

"இவருக்குப் பதிலா ரெண்டு மூட்டை சிமென்ட் ஏத்தியிருக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். சட்டையைப் பிழிந்துகொண்டே ஜெயவேலுவும் சிரித்தார். ஆனால் அடுத்த சனிக்கிழமை வாசலில் ஹாரன் அடித்தபோது, அவர் கடைக்குப் போய்விட்டதாக அவர் மனைவி செல்லியம்மாள் வந்து சொன்னாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் அதே பதில். பிறகு பட்டாபிராமன் அந்தத் திருப்பத்தில் திரும்புவதை விட்டுவிட்டார்.

தனியாக ஓட்டினால் படகு தக்கையாகத் தள்ளாடியது. வேறு ஆள் தேட மனம் வரவில்லை. அப்போது தோன்றியதுதான் அந்த யோசனை. வீட்டில் காலியாகக் கிடந்த குடிநீர் கேன்கள் நாலை எடுத்துவந்து, தண்ணீர் நிரப்பி, ஒரே கயிற்றில் கோத்து ஜெயவேலு உட்காரும் இடத்தில் வைத்தார். திரும்புவதற்கு முன் கயிற்றை இழுத்தால் கேன்கள் மறுபக்கம் வழுக்கி வரும்.

கிளப்பில் படகுகளைப் பார்த்துக்கொள்ளும் ஜீவானந்தம் தலையைச் சொறிந்தான்.

"சார், கேன் தானா எழுந்து ஒக்காராது. யாரையாச்சும் இட்டுகினு போங்க."

பட்டாபிராமன் கேட்கவில்லை. உண்மையில் முதல் சில வாரங்கள் அவருக்குச் சொர்க்கமாக இருந்தன. படகின் அடிவயிற்றில் தண்ணீர் சலசலப்பதை அவர் அதற்கு முன் கேட்டதே இல்லை. நாரை ஒன்று சிறகடித்துப் பறந்த சத்தம் கூடக் காதில் விழுந்தது. நினைத்த பக்கம் போகலாம், நினைத்த நேரம் திரும்பலாம். இந்த நிம்மதியை இத்தனை வருஷம் கோட்டைவிட்டோமே என்று நினைத்துக்கொண்டார். ஆனால் கரையேறி, நாரையைப் பற்றிச் சொல்ல யாருமில்லாமல் ஸ்கூட்டரைக் கிளப்பும்போது, அந்த நிம்மதி பாதியாகிவிடும். டல்லாஸில் அப்போது எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

போன சனிக்கிழமை, அவர் கரையை விட்டு வெகுதூரம் போயிருந்தபோது காற்று சொல்லாமல் கொள்ளாமல் திசை மாறியது. பாய் தலைக்கு மேல் வீசி மறுபக்கம் அறைந்தது. கயிற்றை இழுக்க நேரமில்லை. நாலு கேனும் தப்பான பக்கத்தில் தேமேயென்று உட்கார்ந்திருந்தன. "ஜெயவேலு" என்று கத்தினார். தண்ணீருக்குள் விழுந்த பிறகுதான் யாரைக் கூப்பிட்டோம் என்று உறைத்தது.

கவிழ்ந்த படகை நிமிர்த்த, அதன் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகை மேல் ஏறி நின்று அழுத்த வேண்டும். ஏறினார், அழுத்தினார், தொங்கினார். பாய்மரத்தின் நுனி சேற்றில் புதைந்திருந்தது. அவருடைய ஒல்லி உடம்புக்குப் படகு அசைந்துகொடுக்கவில்லை. கேன்கள் தண்ணீரில் மூழ்காமலும் மிதக்காமலும் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தன. உயிர்காப்புச் சட்டை கழுத்தை அறுக்க, ஜீவானந்தம் கண்ணில் படுகிறவரை அந்தப் பலகையைக் கட்டிக்கொண்டு கிடந்தார்.

அன்று ஈரத்தோடு நேராக மாடம்பாக்கத்தில் திரும்பினார்.

ஜெயவேலு கடையை மூடிவிட்டு வீட்டில் இருந்தார். கோலத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் துண்டையும் வேட்டியையும் நீட்டினார். செல்லியம்மாள் காபி கொண்டுவந்தாள். கேன் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார் பட்டாபிராமன். ஜெயவேலு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நாலு கேன் எப்டி சார் பத்தும்? நான் அஞ்சு."

பட்டாபிராமனுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குச் சொன்னது தப்பு, மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார்.

"சிமென்ட்டா? கடையில நானே விக்கிறேன், அதுக்கா கோவம் வரும்?" ஜெயவேலு காபியை ஆற்றினார். "நீச்சல் தெரியும்னு சொன்னேனே, அது புருடா சார். தண்ணின்னாலே எனக்கு ஒதறும். பேசிகினே இருந்தா தெரியாது. அன்னிக்கு நீங்க பேசாதேன்னுட்டீங்க. வாய மூடிகினு குனிஞ்சு பாத்தேன், தண்ணி இம்மாம் கிட்ட கீது. காலு நவுரல."

"பயந்துண்டா இத்தனை வருஷம் வந்தீங்க?"

"கடை, கிராக்கி, வாடகைன்னு ஒரே பேஜாரு. வாரத்துல ஒரு நாள் ஒரு ஆள்கிட்ட உக்காந்து பேசலாமேன்னு வந்தேன்."

தான் அதில் பாதியைக் கேட்டதே இல்லை என்பதைப் பட்டாபிராமன் சொல்லவில்லை. வருகிற சனிக்கிழமை வாருங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள் என்றார். கெஞ்சுகிற மாதிரியே வந்தது குரல்.

ஜெயவேலு டம்ளரைக் கீழே வைத்தார்.

"இனிமே ஆவாது சார். கவுந்ததுலேர்ந்து மாடி டேங்க் மூடியத் தொறக்கறதுக்கே ஒரு மாதிரி கீது. நீங்க பத்திரமா போய் வாங்க. இந்தப் பக்கம் வந்தா காபி சாப்டுட்டுப் போங்க."

வாசல் வரை வந்து ஸ்கூட்டரைத் திருப்பிவிட்டார்.

இந்தச் சனிக்கிழமை பட்டாபிராமன் கேன்களை எடுத்துப்போகவில்லை. சின்னப் பாயை ஏற்றாமல், பெரிய பாயை மட்டும் பாதியாகச் சுருக்கி ஏற்றிக்கொண்டு, கரையை ஒட்டியே ஓட்டினார். மிதவையை நெருங்கும்போது தூரத்தில் தண்ணீர் கறுத்து, காற்று வருவது தெரிந்தது. குனிந்து பார்த்தார். தண்ணீர் மிக அருகில் இருந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் கால் கனத்தது.

"மாடம்பாக்கம் ரோட்டுல பைப் போடத் தோண்டினாங்களே, அந்தப் பள்ளத்தை இன்னும் மூடலை" என்று ஆரம்பித்தார், உரக்கவே. "அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா..."

சுக்கானைத் திருப்பினார். பாய் மாறியது. குனிந்து மறுபக்கம் தாவி உட்கார்ந்தார். படகு நிமிர்ந்து ஓடியது.

அப்புறம் என்ன ஆச்சு என்பது அவருக்குத் தெரியாது. ஜெயவேலு சொன்னபோது அவர் கேட்டிருக்கவில்லை. எதிரே காலியாக இருந்த இடத்தைப் பார்த்தபடி, தானாக ஒரு முடிவைச் சேர்த்துச் சொல்லிக்கொண்டே போனார்.